கயிற்றில் கை வைத்தவள்

எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்தில் பிச்சைக்காரர் கிடையாது. அதற்காக எல்லோரும் வசதியாக இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சப்பட்டவர்கள் வேண்டிய மட்டும் இருந்தோம். ஆனால் யாரும் கையேந்தாமல் இருக்கக் கரைவலைக் கயிறு இருந்தது.

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, வெள்ளை மணல் கிடக்கும் கரை எங்களுடையது. விடிய முன்னம் தோணி வலையை ஏற்றிக்கொண்டு போய், அரை வட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிறும் கரையில் இருக்கும். வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு. இருபது முப்பது பேர் அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு இழுப்பார்கள். கடைசியில் மீனோடு வலையின் மடி கரை ஏறும். தொழிலாளிகளின் பங்கும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கும் தனி. அதற்கு முன்னம் ஒரு சிறு குவியல் ஒதுக்கப்படும். அது கயிற்றில் கை வைத்த மற்றவர்களுக்கு. யார் வந்து கை வைத்தாலும் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். இதை யார் சட்டமாக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வாப்பா காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

உம்மு குல்சும் மாமிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவளை யாராவது கூட்டிவந்து கயிற்றைக் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். வலைக்குத் தலைவனாக நின்ற ஜமால்தீன் காக்கா தூரத்தில் இருந்து சத்தம் போடுவார்.

"மாமி, நல்லா இழுங்க! உங்கட பக்கம் தளருது!"

"போடா! நான் விட்டா உன்ட வல கடலோட போயிரும்!" என்பாள் மாமி. எல்லோரும் சிரிப்பார்கள். மடி ஏறியதும் அவள் முந்தானையில் மீன் விழும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்குச் சரியான பாரம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவாள். அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் தர்மம் என்று சொன்னதில்லை.

நான் கயிற்றுக்கு வந்தது என் புருஷன் ஹிஸ்புல்லா விழுந்த பிறகுதான். அவர் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை தூக்கினவர். நாட்கூலி. கப்பலுக்கும் சரக்கு ஏற்றும் பாதைப் படகுக்கும் நடுவே போட்ட பலகை வழுக்கி, மூட்டையோடு விழுந்து முதுகு முறிந்தது. கங்காணி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவர் பாயோடு பாயாகக் கிடந்தார்.

முதுகு போனாலும் அவருடைய ரோசம் போகவில்லை. ஒரு நோன்பு காலம், சம்மாட்டி கலீலுர் றஹ்மான் ஹாஜியார் வீட்டில் இருந்து ஸதக்கா என்று அரிசியும் இறைச்சியும் வந்தது. நான் ஆசையோடு சமைத்து வைத்தேன். மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"தர்மச் சோறு எனக்கு வேணாம். என்ட முதுகுதான் முறிஞ்சது, அசனா. என்ட மானம் முறியல்ல."

"மானத்த உப்பும் புளியும் போட்டு ஆக்கித் தரட்டா?" என்று நானும் ஏசினேன். ஏசி என்ன, அவர் தட்டைத் தொடவில்லை. இரண்டு நாள் தண்ணீரோடு கிடந்தார். மூன்றாம் நாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கடற்கரைக்குப் போனேன். வடக்குக் கயிற்றைப் பிடித்தேன். அன்று கொண்டுவந்த சூடை மீனைப் பார்த்து, "இது எங்கால?" என்று கேட்டார். "இழுத்தனான். பங்கு" என்றேன். "எந்தக் கயிறு?" "வடக்குக் கயிறு." பிறகுதான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். என் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கயிற்றில்தான் வளர்ந்தார்கள்.

பிறகு அரசாங்கம் மாறி, வெளிநாட்டுச் சாமானுக்கு இருந்த தடையும் நீங்கியது. "நாடு திறந்தாச்சு!" என்றார் ஹாஜியார். அவருக்குத் திறந்ததுதான். புது லொறி வந்தது, வீட்டுக்கு மேல் மாடி வந்தது. பட்டினத்துக் கடைகளில் ரேடியோவும் ஜப்பான் துணியும் வந்து குவிந்தன. ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பிள் பழத்தைப் பார்த்துவிட்டு என் மகள், "உம்மா, இது என்ன தக்காளி?" என்று கேட்டாள். எங்களுக்குத் திறந்தது என்ன தெரியுமா? கூப்பனுக்குத் தந்த மலிவு அரிசி நின்றது. அதற்குப் பதிலாக உணவு முத்திரை தந்தார்கள். முத்திரையின் பெறுமதி தந்த இடத்திலேயே நின்றது, அரிசி விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பாண் விலையும் அப்படித்தான். மரவள்ளிக் கிழங்கையும் கயிற்று மீனையும் நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

கடைசியில் எங்கள் கரைக்கே ஹோட்டல் வந்தது. தென்னந்தோட்டத்தை வளைத்துக் கம்பி அடித்தார்கள். வலை இழுக்கும் இடத்தை மட்டும் ஹாஜியார் பேசிப் பிடித்து வைத்தார் என்று அவரைப் புகழ்ந்தோம்.

ஒரு நாள் காலை, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டு ஓடிவந்து எங்களோடு கயிற்றைப் பிடித்தாள். முகம் சிவக்கச் சிவக்க இழுத்தாள். மடி ஏறியதும் ஜமால்தீன் காக்கா என்ன செய்தார் தெரியுமா? குவியலில் நல்ல பாரை ஒன்றைப் பார்த்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். கயிற்றில் கை வைத்தவள் அல்லவா! எங்களுக்கு ஒரே பெருமை. "வெள்ளைக்காரிக்கும் பங்கு!" என்று கைதட்டினோம். அவள் மீனைத் தூக்கிப் பிடிக்க, அவள் புருஷன் படம் எடுத்தான். ஹோட்டல் மனேஜர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் மடத்தனம் அந்தக் கைதட்டலோடுதான் தொடங்கியது.

அடுத்த கிழமை ஹாஜியாரும் மனேஜரும் பேசி முடித்துவிட்டார்கள். இனி வலை விடியலில் வராது, காலை ஒன்பது மணிக்குத்தான் வரும். விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்து முடிக்க வேண்டுமாம். மீனுக்கு மணிக்கூடா தெரியும்? தொழிலாளிகளுக்கு ஹோட்டலே நாட்சம்பளம் கொடுக்கும். கயிற்றில் கை வைக்கிற விருந்தாளிகளுக்கு மீன் கொடுக்க வேண்டும், அதை ஹோட்டல் குசினியில் பொரித்துப் பகல் சாப்பாட்டுக்கு வைப்பார்கள். எங்கள் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, எங்களைத்தான் வெளியே விட்டார்கள்.

முதலில் எங்களைக் கயிற்றின் வாலுக்குத் தள்ளினார்கள். பிறகு அங்கேயும் நிற்க ஏலாது என்றார்கள். கிழிந்த உடுப்போடு நாங்கள் படத்தில் விழுகிறோமாம். காவல்காரன் கம்போடு வந்து, "அங்கால போங்க, அங்கால போங்க" என்று கோழி விரட்டுவது போல விரட்டினான். உம்மு குல்சும் மாமிக்குக் கயிறு பிடித்துக் கொடுக்க யாரும் இல்லாமல் போனது. பிறகு அவளைப் பட்டினத்து பஸ் நிலையத்தில் கண்டதாகச் சொன்னார்கள். கையை விரித்து ஏந்தத் தெரியவில்லையாம். கயிறு பிடிக்கிறது போல மூடித்தான் நீட்டுகிறாளாம். கேட்டு வயிறெரிந்து அழுதேன்.

நான் மட்டும் விடவில்லை. இருந்த ஒரே நல்ல சேலையைத் தோய்த்துத் தோய்த்து உடுத்திக்கொண்டு போய் வாலில் நின்றேன். காவல்காரன் ஏசினால் நானும் ஏசினேன். ஜமால்தீன் காக்கா கண்டும் காணாதது போல இருந்தார். இழுத்து முடிய, அவருக்குக் கறிக்குக் கிடைத்ததில் இருந்தோ என்னவோ, இரண்டு மீனை என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் சின்ன வயதில் என் புருஷனோடு ஒன்றாய்க் குர்ஆன் ஓதப் போனவர்.

அந்த வருஷம் ஆவணியில் கடல் வற்றிவிட்டது. வலையில் சொறிமுட்டையும் பாசியும்தான் வந்தது. எங்கள் வீட்டில் கிழங்கு அவித்து, உப்பைத் தொட்டுத் தின்றோம். பிள்ளைகள் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்கள். ஹிஸ்புல்லா மெலிந்து எலும்பாகிவிட்டார். "கடல் தரும், அசனா. கயித்த விட்டிராத" என்றார்.

அன்றைக்கும் போனேன். விருந்தாளிகள் நிறையப் பேர். கயிற்றில் வெள்ளைக் கைகள். நான் வாலில் பிடித்தேன். இழுக்க இழுக்க மடி பாரமாக வந்தது. யா அல்லாஹ், கடைசியில் கண் திறந்தாயே என்று நினைத்தேன். உள்ளங்கை உரிய உரிய இழுத்தேன். மடி கரை ஏறியது. அவிழ்த்தார்கள். பெரிய பெரிய பாரை மீன்கள்.

ஒன்றும் துடிக்கவில்லை.

வலையில் வந்த மீன் மணலில் விழுந்து துள்ளாமல் கிடக்குமா? விறைத்துப்போய், கண் உள்ளே விழுந்து, செவுளின் பூ வெளிறிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் குளிர் இன்னும் விடவில்லை. பட்டினத்தில் வாங்கிக் கொண்டுவந்து, தோணியில் ஏற்றி, மடிக்குள் போட்டிருக்கிறார்கள்! விருந்தாளிகள் வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா. அவர்கள் கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். கமராக்கள் மின்னின. எங்கள் ஆட்கள் எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனேஜர் ஆளுக்கொரு மீனாகக் கொடுத்தான். நான் ஜமால்தீன் காக்காவிடம் போனேன்.

"காக்கா, என்ட பங்கு?"

"இண்டைக்கு இல்ல, அசனா. நீ போ."

"ஏன் இல்ல? கயித்தில கை வச்சனான் தானே?"

"சொன்னாக் கேளு. இது வேற மீன், எண்ணி வாங்கினது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேற மீனெண்டா வேற கயித்தாலயா இழுத்த?"

என் சத்தம் கொஞ்சம் ஓங்கிவிட்டது. விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். பாரையைக் கையில் வைத்திருந்த ஒரு நரைத்த வெள்ளைக்காரி மனேஜரிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டாள். மனேஜர் சிரித்த முகத்தோடு ஜமால்தீன் காக்கா பக்கம் திரும்பி, கொழும்புத் தமிழில் சொன்னான்.

"லேடி கேக்கிறாங்க, இந்தப் பொம்பளையும் இழுத்தாளான்னு. இழுத்தவங்களுக்கெல்லாம் பங்குன்னு நாமதானே சொல்லி வச்சிருக்கோம். என்ன சொல்ல?"

சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. கண் ஜமால்தீன் காக்காவை எச்சரித்தது. அவர் என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல சேர். இவ கயித்தில கை வைக்கல்ல. சும்மா பார்க்க வந்த பொம்பள."

இந்தப் பாவி மனுஷனா சொல்கிறார்! மீன் எங்கே இருந்து வந்தது என்று ஒரு சொல் கத்தியிருந்தால் போதும், அந்தக் கூத்து அங்கேயே குலைந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் ஆட்கள் இருபது பேரும் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்பும் அந்த மனேஜரின் சம்பளத்தில்தான் எரிகிறது. வந்த சொல்லை விழுங்கினேன்.

மனேஜர் இங்கிலீசில் திருப்பிச் சொன்னதை வெள்ளைக்காரி கேட்டாள். அவள் முகம் இரக்கத்தில் இளகியது. என் சேலையைப் பார்த்தாள், என் கழுத்தெலும்பைப் பார்த்தாள். தன் கையில் இருந்த பாரையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். அவள் புருஷன் கமராவைத் தூக்கினான்.

அது பங்கு இல்லை. தர்மம். என் புருஷன் தொட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பின அதே சாமான். இழுத்து உரிந்த கையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். பிள்ளைகளின் கிழங்குத் தட்டு ஞாபகம் வந்தது. கையை நீட்டி வாங்கினேன். ஓம், வாங்கினேன். பசிக்கிற வீட்டில் இருந்து வந்தவள் வேறு என்ன செய்வாள்? கமரா மின்னியது. மனேஜர் கைதட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள். அந்தப் படம் எந்த ஊரில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ, நாசமாய்ப் போக.

வீட்டுக்கு வந்து ஆக்கினேன். ஐஸ் மீன், சட்டிக்குள் உடைந்து உடைந்து போனது. பிள்ளைகள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஹிஸ்புல்லாவைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டுத் தட்டை வைத்தேன். அவர் மீனைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கயிறு?"

"வடக்குக் கயிறு" என்றேன்.

அவர் சாப்பிடத் தொடங்கினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு! முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினார்.

"பாரை மீன். பார்த்தியா? கடல் வத்தின நேரத்திலயும் ஜமால்தீன் உன்ட பங்க மறக்கல்ல. நீதியான கை அவண்ட கை" என்றார். "நாளைக்குக் கண்டா என்ட ஸலாத்தச் சொல்லு."

"ஓம்" என்றேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். நல்ல சேலையை உடுத்தவில்லை, கிழிந்ததைத்தான் உடுத்திக்கொண்டு போனேன். ஜமால்தீன் காக்கா என்னைக் கண்டதும் வடக்குக் கயிற்றின் வாலில் எனக்கு இடம் விட்டு விலகி நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கமராக்காரர்கள் நிற்கிற பக்கம் போய், கையை விரித்துக்கொண்டு நின்றேன்.