தாலிக்கொடி கழுவப் போயிருக்கிறது

கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தில் பூமணி அக்கா வந்து இறங்கியதும் என் சுகத்தை விசாரிக்கவில்லை. "குணம், இந்த டாக்சிக்காரனை உமக்குத் தெரியுமோ?" என்றுதான் கேட்டாள். தெரியும் என்றேன். அவனுடைய தகப்பனைத் தெரியுமோ என்றாள். டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்து, "எங்கப்பா செத்து ரொம்ப வருசமாச்சு ஆன்டி" என்றார். அதற்குப் பிறகுதான் ஏறினாள்.

பூமணி அக்கா லண்டன்காரி, புருஷனை இழந்து அங்கே தனியாக இருக்கிறவள். அவளுடைய ஒரே மகன் சண்முகரத்தினத்துக்கு என் ஒரே மகள் நளாயினியைப் பேசியிருந்தோம். பேசியிருந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிள்ளைகள் இரண்டும் தாங்களே பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். கோலாலம்பூரில் அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கட்டடத்துக்கு இஞ்சினியராக வந்த மாப்பிள்ளைத் தம்பி இங்கேயே நிரந்தரமாக இருந்துவிட ஆசைப்பட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் இருந்தேன். மகளுக்குக் கலியாணமும் ஆகும், மகள் நாங்கள் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸை விட்டும் போகமாட்டாள். இந்தக் காலத்தில் எந்தத் தாய்க்கு இப்படிக் கிடைக்கும்?

அந்தப் பாலில்தான் பூமணி அக்கா உப்பைப் போட்டாள். "எங்கட அரசாங்கமே அந்த ஊர் பாதுகாப்பில்லை எண்டு அறிவித்தல் விட்டிருக்கு. நான் வந்து என்ர கண்ணால பாக்கவேணும். ஒரு சின்னப் பிசகு எண்டாலும் மகனைக் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவன்" என்று டெலிபோனில் சொன்னாள். சொன்னபடி அந்த அறிவித்தலை இரண்டு தாளில் மடித்துக் கைப்பைக்குள் கொண்டும் வந்திருந்தாள்.

என் கணவர் விநாயகமூர்த்தி அரசாங்க சேவையில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நாட்டு அரசாங்கம் எழுதினாலும் எழுந்து நின்று வாசிக்கிற மனிசன். அவள் தாளை நீட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். வெளியே போகும்போது நகை அணிய வேண்டாம். கைப்பையைச் சுவர்ப் பக்கமாகப் பிடிக்கவும். மோட்டார் சைக்கிளில் வருபவர்களைக் கவனிக்கவும். அறிமுகமில்லாதவர் தரும் பானத்தைக் குடிக்க வேண்டாம்.

"மெத்த நல்லா டிராஃப்ட் பண்ணியிருக்கிறாங்கள்" என்றார் என் புருஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் எங்கள் ஊரைக் கள்வர் குகை என்கிறாள், இவர் அதன் எழுத்து நடைக்கு மார்க் போடுகிறார். போதாக்குறைக்கு நான் கொடுத்த கோப்பியை அவள் கையில் வைத்துக்கொண்டு, நான் என் கோப்பியில் ஒரு மடக்கு குடிக்கும் வரை காத்திருந்தாள். நான் குடித்தேன். விழாமல் நின்றேன். பிறகு அவள் குடித்தாள்.

சரி, உனக்கு நான் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்காட் ரோட் கந்தசுவாமி கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது என் தாலிக்கொடியை எடுத்துச் சேலைக்கு மேலே, ஊருக்கே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஆட்களின் தாலிக்கொடி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. அவ்வளவு தடிப்பு, ஆட்டைக் கட்டலாம். பார், எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு வீதியில் நடக்கிறாள் என்று காட்டத்தான். ஆணவம் வேறென்ன.

கோயிலால் திரும்பி வரும்போது அவள் சுவரை உரசிக்கொண்டு நடந்தாள். நான் வீதிப் பக்கமாகக் கையை வீசி நடந்தேன். பின்னால் ஒரு மோட்டார் சத்தம் வந்தது. கழுத்தில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மோட்டார் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவன் கையில் என் தாலிக்கொடி ஆடியது.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பூமணி அக்காவின் முகத்தைக் கண்டேன். அவள் மகனோடு லண்டனுக்குப் பிளேன் ஏறுவதும் கலியாணம் நிற்பதும் அந்த முகத்தில் தெரிந்தது. திறந்த வாயால் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை என் பிறவியில் நான் சிரித்ததில்லை.

"ஆர் அது?" என்றாள்.

"பத்தரின்ட பொடியன் அக்கா. கலியாணம் வருகுதெல்லே, கொடியைக் கழுவி மெருகு போடக் குடுத்திருக்கிறன்."

"ரோட்டில வைச்சோ?"

"இஞ்ச அப்பிடித்தான். வீடு வழிய அலையத் தேவையில்லை."

"அவன் நிக்கவும் இல்லையே."

"அவனுக்கு இன்னும் கன இடம் போகவேணும்."

இதற்குள் பூக்கடை வீரம்மா கடையை விட்டு நடு வீதிக்கு வந்துவிட்டாள். தண்ணீர் வாளியைத் தூக்கி மோட்டார் போன பக்கம் எறிந்து, "நாசமா போவீங்கடா!" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"அவ ஏன் ஏசுறா?" என்றாள் பூமணி அக்கா.

"அந்தப் பொடியன் அவவின்ட மருமகன். குடும்பத்துக்குள்ள சின்னப் பிரச்சினை" என்றேன். வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். பூக்கட்டிப் பிழைத்தாலும் அவள் விஷயம் தெரிந்தவள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் என் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். தாலி போனால் புருஷனுக்கு ஆகாது என்ற பயம். "உங்கட நாடிக்கும் என்ர நகைக்கும் சம்பந்தமில்லை, பயப்பிடாதேங்கோ" என்று தைரியம் சொன்னேன். மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் எழும்பியிருந்த சிவந்த கோட்டுக்கு மேல் பவுடரை அப்பி, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டேன்.

"குணம், போலீஸில ரிப்போர்ட் குடுக்கவேணும்" என்றார்.

"குடுத்தால் கலியாணம் போகும்."

"குடுக்காட்டி, இப்பிடி ஒரு சம்பவம் நடந்ததெண்டதுக்கு ஆதாரமே இல்லை."

"என்ர கழுத்து இருக்குது. அவ பிளேன் ஏறினாப்பிறகு கொண்டுவந்து காட்டுறன். வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் நடந்த காரியம் எழுத்தில் ஏறாமல் கிடப்பது அவருக்குச் சாப்பாடு செமிக்காத மாதிரி. இரண்டு இரவு புரண்டு படுத்தார், மூன்றாம் இரவு குறட்டை விட்டுத் தூங்கினார்.

அதற்குப் பிறகு, வீரம்மா வழியாக விஷயம் தெரிந்து, எங்கள் தெருவே பொய் சொல்லத் தொடங்கியது. காலையில் எழும்பியதும் பூமணி அக்கா, "கொடி வந்திட்டுதோ?" என்பாள். ஒரு நாள் பத்தருக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த நாள் பத்தரின் தாய் ஈப்போவில் காலமாகிவிட்டாள். அந்தப் புண்ணியவதி யாரென்றே எனக்குத் தெரியாது, அநியாயமாகக் கொன்றேன். மளிகைக்கடை அப்துல் ஜலீல், வழிப்பறிச் செய்தி வந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் அவளுக்குப் பேப்பர் விற்பார். நாலாம் பக்கம் எங்கே என்று அவள் கேட்டதற்கு, "இன்னைக்கு நாலாம் பக்கம் அடிக்கலையாம் அக்கா, மெசின் கோளாறு" என்றாராம்.

வீரம்மாதான் எல்லாரையும் மிஞ்சினாள். பூமணி அக்கா பூ வாங்கப் போன இடத்தில், "மருமகனோட சமாதானமோ?" என்று கேட்டிருக்கிறாள். வீரம்மாவுக்கு இருப்பது இரண்டும் ஆண்பிள்ளைகள். "எங்கக்கா, கல்யாணம் பண்ணிக் குடுத்த நாள்ல இருந்து எம்மவ கண்ணீர் நிக்கலியே" என்று இல்லாத மகளுக்காக மூக்கைச் சிந்தி அழுதிருக்கிறாள். கேட்டபோது எனக்கே அந்தப் பிள்ளையை நினைக்கப் பாவமாக இருந்தது.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் முன்ஹாலில் இருந்தோம். தம்பி சண்முகரத்தினமும் வந்திருந்தார். தேத்தண்ணியும் வடையும் வைத்தேன். பூமணி அக்கா தன் முடிவைச் சொல்வதென்று இருந்தது. நளாயினி நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. சீருடை போட்ட போலீஸ்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டையில் தம்புசாமி என்று பெயர் குத்தியிருந்தது.

"வணக்கம் அங்கிள். ஸ்டேஷன்ல நீங்க ரிப்போர்ட் குடுத்தீங்கல்ல? செயின் பறிகொடுத்த ஆன்டி யாரு? கொஞ்சம் கேக்கணும்."

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சாப்பாடு செமித்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நட்டாற்றில் கைவிட்டுவிட்டார் பாவி. என்ன சொல்லலாம், எந்தப் பத்தரை இழுக்கலாம் என்று தேடினேன். என் மண்டைக்குள் ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"நான்தான்" என்றாள் பூமணி அக்கா.

தம்புசாமி அவளுக்கு முன்னால் உட்கார்ந்து பேனையைத் திறந்தான். "எப்படி நடந்துச்சு ஆன்டி? மோட்டார் என்ன கலரு?"

"மோட்டார் இல்லை. நடந்துதான் வந்தவன். 'எக்ஸ்கியூஸ் மீ' எண்டு சொன்னவன். நான் வழி விட்டனான். பிடரியில பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டு, என்ர மனிசன் போட்ட சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிட்டான்."

"சரியான மரியாதக்கார திருடன் லா" என்றபடி எழுதினான். "எந்த ரோட்டுல?"

"என்ர வீட்டு வாசலில. லண்டனில."

பேனை நின்றது. "லண்டன் கேஸ் இங்க எழுத முடியாது ஆன்டி."

"எழுத வேண்டாம் தம்பி. கேட்டால் போதும். நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சண்முகரத்தினம்தான் முதலில் பேசினார். "அம்மா, சங்கிலியை பாங்க் லாக்கரில வைச்சிருக்கிறன் எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். உன்ர மாமியும் பத்தரிட்டக் குடுத்ததெண்டு சொன்னவ." என் பக்கம் திரும்பினாள். "குணம், கழுவக் கொண்டு போறவன் கழுத்தில கோடு போட்டுட்டோ போவான்? எனக்கு அந்தக் கோடு மாற ஒரு மாதம் எடுத்தது. உமக்கு நோகுதெண்டு எனக்குத் தெரியும், ஆனா நீர் என்னத்துக்கு ஒளிக்கிறீர் எண்டும் தெரியும். அதான் நானும் பேசாம இருந்தனான்."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"விழுந்து கிடந்தன்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "தெரு முழுக்க லைட் எரிஞ்சது. ஒரு யன்னல் சீலை விலகிச்சுது, திரும்ப மூடுப்பட்டுது. எழும்பி உள்ள போய் நானே தேத்தண்ணி போட்டுக் குடிச்சன். அந்த நாளில இருந்து இருட்ட முன்னம் கதவைப் பூட்டிப்போடுவன். இவனை வா எண்டு கூப்பிட எனக்கு வேற நியாயம் இல்லை. அம்மாக்குப் பயமாயிருக்கு, நீ வேலையை விட்டிட்டு வா எண்டு எப்பிடிக் கேக்கிறது? அதுதான் அரசாங்கத்தின்ட கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்தனான்."

அவள் மேல் நான் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிசி என் கோப்பியைச் சந்தேகப்பட்டது எங்கள் ஊருக்குப் பயந்தல்ல. எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பயம் அவளோடுதான் போகும். நானும் தனியாக அப்படி ஒரு வாசலில் கிடந்திருந்தால் கடதாசி என்ன, கோர்ட் உத்தரவே கொண்டு போய் என் மகளை இழுத்து வந்திருப்பேன்.

"அக்கா, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நளாயினி என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

பூமணி அக்கா எழும்பி வந்து என் சேலைத் தலைப்பை விலக்கி, கழுத்துக் கோட்டைத் தடவினாள்.

"என்னத்துக்கு? அங்க இவளை விழுத்தி இவளின்ட சங்கிலியையும் அறுக்கவோ?" என்றாள். "இஞ்ச உமக்குக் கொடி போனதுக்கு ஒரு தெருவே நிண்டு நடிச்சது. பூக்காரி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள் தெரியுமோ? பொய் எண்டு எனக்கு விளங்கினது. ஆனாலும் என்ர கையை ஒருத்தர் பிடிச்சு எவ்வளவு காலம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போலீஸ்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்தத் தெருவில வீடு ஏதும் வாடகைக்கு இருக்கோ?"

தம்புசாமி புத்தகத்தை மூடிவிட்டு உற்சாகமாக நிமிர்ந்தான். "எதிர் வீடே காலியாதான் இருக்கு ஆன்டி. ஓனர் நம்ம ஆளுதான். நான் பேசிக் குடுக்கிறேன்."

"எதிர் வீடோ? நல்லதாப் போச்சு. குணம் கோப்பி போடுறது எனக்கு அங்க இருந்தே தெரியும்" என்றாள் பூமணி அக்கா.

மகள் என் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று நான் நேர்த்தி வைக்காத கோயில் பிரிக்ஃபீல்ட்ஸில் இல்லை. அவளின் மாமியாரும் சேர்ந்துதான் கிடைப்பாள் என்று ஒரு சாமியாவது எனக்குச் சொல்லவில்லை.