வாபோவின் பெயரில் இருந்தவன்

என் அண்ணி ஜுக்காமுக்கு நெஞ்சழுத்தம் அதிகம். இல்லாவிட்டால் பட்டாளத்துக்காரன் நாற்சந்தியில் கம்பு நட்டுச் செருகி வைத்த தலையை எவள் காப்பிக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள்?

அது கமரூனுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். பிரெஞ்சுக் கொடியை இறக்கிப் புதுக் கொடியை ஏற்றினார்கள். கம்பில் தலை ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. சுதந்திரம் கேட்டுக் காட்டுக்குப் போன எங்கள் பமிலேகே இனத்துப் பையன்கள் புது அரசுக்கும் கலகக்காரர்கள்தான். என் அண்ணன் வாபோவும் போயிருந்தான்.

செத்தவர் தலை எங்களுக்கு வீட்டில் இருந்தாக வேண்டும். உடல் மண்ணுக்கு, தலை பானைக்கு. பனையெண்ணெயும் உப்பும் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பட்டினி போட்டால் செத்தவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார். அண்ணியின் சின்னவனுக்கு அப்போது காய்ச்சல் விடவே இல்லை; வாபோ செத்துப் பசியோடு வந்து பிடித்திருக்கிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

அந்த முகம் வீங்கி, யாரென்றே தெரியவில்லை. முன்பல் உடைந்திருந்தது, வாபோவுக்கும் அப்படித்தான். அடையாளமாம்! பீர் பாட்டிலைப் பல்லால் திறக்கும் வீரன் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் உண்டு. ஆனால் தலை வந்ததும் காய்ச்சல் விட்டது. அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்? நானும் அதன் முன் உட்கார்ந்து "அண்ணா" என்று அழுதிருக்கிறேன்.

எல்லை தாண்டி ஒளிந்திருந்த வாபோ, பத்து வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் உயிரோடு வந்து வாசலில் நின்றான்.

அண்ணி அலறவில்லை. "வெளிய ஏன் வந்தே? எண்ணெய் பத்தலையா?" என்று கேட்டாள்.

வந்தவன் சாப்பிட்டான். தூங்கத்தான் முடியவில்லை.

"ஜுக்காம், நீ வாபோன்னு கூப்பிடறப்ப எனக்கு முன்னால இன்னொருத்தன் 'ம்'ங்கறான்."

"நீ பத்து வருஷம் வாயத் தொறக்கல. அவன்தான் கேட்டுக்கிட்டிருந்தான்."

ஒரு வாரம் கழித்து அவன் பானையின் மூடியைத் திறந்து பார்த்தான். உடைந்த பல்லை விரலால் தடவினான்.

"ஃபெங்கா. மல்யுத்தத்துல இந்தப் பல்ல ஒடச்சதே நான்தான்."

ஃபெங்கா, பக்கத்து வீட்டு மேக்னேவின் ஒரே மகன்; வாபோவோடு காட்டுக்குப் போனவன். வாபோ வந்த நாள் முதல் அந்தக் கிழவி தினமும் காலையில் வேலியோரம் வந்து, "எம்புள்ள உன் பின்னாலயே வரானா?" என்று கேட்பாள். "வருவான் பெரியம்மா" என்பான் இவன். குண்டு பட்டு ஃபெங்கா இவன் பக்கத்தில்தான் விழுந்தான். அதைச் சொல்ல என் அண்ணனுக்கு நாக்கு எழவில்லை.

சொன்னால் கிழவியின் நம்பிக்கை செத்துவிடும். சொல்லாவிட்டால் அவள் மகன் காலமெல்லாம் இன்னொருவன் பெயரில் சாப்பிடுவான்.

"பெத்தவ இருக்கா. அவ போடணும் சோறு, நான் யாரு?" என்று அண்ணி பானையைத் தூக்கிக்கொண்டாள்.

மேக்னே வீட்டில் வாபோ எல்லாவற்றையும் சொன்னான். மேக்னே பானைக்குள் கையை விட்டாள். அந்தக் கை வெகுநேரம் உள்ளேயே இருந்தது. பிறகு மூடியை எடுத்து மூடினாள்.

"இது எம்புள்ள இல்ல. உன் புருஷன் வரலியா? அவனும் வருவான். கொண்டு போங்க."

"பெரியம்மா..."

"கொண்டு போடின்னேன்!"

நாங்கள் வேலியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜுக்காம்! சொவத்தோரமா வெக்காதடி. குளிரு தாங்க மாட்டான். அடுப்புப் பக்கம் வை."

வைத்தோம். கிழவி இன்றும் காலையில் வந்து கேட்கிறாள். அண்ணனும் "வருவான்" என்கிறான். பெற்றவள் தன் மகன் பெயரைக் கொடுக்காததால், அண்ணி எண்ணெய் ஊற்றும்போது பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். "வாபோ" என்ற குரல் கேட்டால் என் அண்ணன் வாய் திறப்பதில்லை. அடுப்புப் பக்கம் பார்த்தபடி, அவன் முதலில் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான்.