எலிசபெத் வீட்டுக்குப் போகும் வழி

திருவருகைக் காலத்தின் நடுவில், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிரேக் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் காபி கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையிலிருந்து “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்திக் கத்தியே அந்தப் பெயரை வாங்கியவர். டாக்டர் அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு வாரத்துக்கு மூச்! கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது” என்றார். கூட வந்திருந்த மனைவி அந்த டாக்டரை நன்றியோடு பார்த்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

வகுப்பைக்கூட ஒத்திப் போடலாம். வீட்டுச் செபத்தை என்ன செய்வது? இந்த நாட்களில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய வாசகத்தைப் படித்துத் தியானிப்பது அந்த வீட்டு வழக்கம். வாசிப்பவர் அவர், விளக்குபவர் அவர், கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொள்பவர் அவர். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். மகனுக்கு இந்த மாதம் இரவு வேலை என்பதால் தப்பித்துவிட்டான். மாட்டிக்கொண்டவள் மருமகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், அவரிடமே கார் ஓட்டவும் பழகுகிறவள், வேறு மதத்திலிருந்து வந்தவள். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று கிளட்ச் சொல்லிக் கொடுப்பது போல எல்லாவற்றையும் ரெண்டு தடவை விளக்குவார். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து தலையாட்டுவாளே தவிர, இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று விவிலியத்தை மனைவியிடம் நீட்டினார். “படிக்கிற கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியலங்க” என்று அவள் மருமகள் பக்கம் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். வானதூதர் சொன்ன சேதியைக் கேட்ட மரியா, மலைநாட்டில் இருக்கும் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்க விரைந்து போகிற பகுதி. தாழ்ச்சியைப் பற்றி அவரிடம் நீளமான விளக்கம் ஒன்று தயாராக இருந்தது. தொண்டைக்குழி வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் மருமகள். “இந்தப் பொண்ணு ஏன் இப்படி அவசரமா ஓடுது? வீட்டுல சொல்ல முடியாததை அங்க போய்ச் சொல்லலாம்னா?”

இத்தனை வருஷமாக வாசிக்கிறார், அப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. மனைவி பாதி மடித்த துண்டை மடியில் வைத்தாள். “சொல்லக்கூட வேணாம்மா. வாசல்ல போய் நின்னாலே அவங்களுக்குப் புரிஞ்சுடும். சில பேரு அப்படி.”

“உங்களுக்கு அப்படி யாரு அத்தை?”

பேச்சு எங்கே போகிறதென்று புரிந்து அவர் பதறிக் கையைத் தூக்கினார். மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் சொன்னாள். “எங்க அக்கா.”

“அக்காவா? நான் பாத்ததே இல்லையே. கல்யாணத்துக்குக்கூட...” பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். “என்னாலயா அத்தை?”

மூடி மூடி வைத்திருந்த விஷயம். நம்ம மதத்துப் பெண் இல்லையென்றால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்ல, அப்படியென்றால் உன் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று இவள் சொல்ல, அதோடு போன்கூட நின்றுவிட்டது.

“உன்னால இல்லம்மா. எங்க ரெண்டு பேரு வாயால” என்றாள் மனைவி.

மருமகள் அழப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. போலாமா அத்தை? நான் ஓட்டறேன்” என்றாள்.

“அவ கதவைத் திறக்கலைன்னா?”

“திரும்பி வந்துடலாம். எனக்கும் ரிவர்ஸ் எடுத்துப் பழகின மாதிரி ஆச்சு.”

மனைவி குபீரென்று சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். முதலில் போன் போட்டுப் பாருங்கள், விழா முடியட்டும், பங்குச் சாமியாரை விட்டுப் பேசச் சொல்லலாம் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்ததும், கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த பயிற்சிக் காரிலேயே கிளம்பினார்கள். அவர் பக்கம் தனி பிரேக் இருந்ததால் கொஞ்சம் தெம்பு. ரவுண்டானாவில் லாரி ஒன்று குறுக்கே திரும்ப, அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. சத்தம் வரவில்லை. அதற்குள் கார் அலுங்காமல் நின்றிருந்தது. “பாத்துட்டேன் மாமா” என்றாள் அவள். இத்தனை நாளும் இவள் கையில் வண்டி ஏன் நடுரோட்டில் அணைந்து அணைந்து நின்றது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எவ்ளோ அமைதியா ஓட்டறா பாருங்க” என்றாள் பின்சீட்டிலிருந்த மனைவி. “நீங்களும் எவ்ளோ அமைதியா வர்றீங்க!” அவருக்கே சிரிப்பு வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் சிரித்தார்.

அக்காவின் தெருவுக்குள் கார் நுழைந்ததும் மனைவி தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். கார் நின்ற பிறகும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் விறுவிறுவென்று இறங்கிப் போய் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த அக்காவுக்கு முழங்கை வரைக்கும் மாவு. ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏன்டி இப்படி இளைச்சுட்டே?”

“நீ மட்டும் என்ன, தலை பூரா நரைச்சுடுச்சு.”

அடுத்த நொடி இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தங்கையின் தோளுக்கு மேலாக அக்காவின் பார்வை காருக்குப் பக்கத்தில் நின்ற பெண்மேல் விழுந்தது. பேச்சு அறுந்தது.

“நீயா ஓட்டிட்டு வந்தே?”

“ஆமா பெரியத்தை.” அப்படிக் கூப்பிட அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா கார்மேல் இருந்த பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இவரு பக்கத்துல உக்காந்துமா?”

“மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு பெரியத்தை.”

“அதானே பாத்தேன்!” அக்கா உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள வா. கையெல்லாம் மாவு, இல்லன்னா...” என்று முழங்கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி முன்னால் போனாள். அவளுடைய கருநீல ஸ்வெட்டரின் முதுகில் வெள்ளை வெளேரென்று இரண்டு கைகள், பத்து விரலும் விரிந்தபடி பதிந்திருந்தன. அவளுக்குத் தெரியாது. மருமகள் தட்டிவிடக் கையைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போனாள்.