மண்டோருக்குக் கேட்டது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் திருடிய கதை. அந்த வேலி, எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், என் வீட்டுக்கும் குமுதவல்லி வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நான் ரிட்டையரான ஆள். எட்டிப் பார்ப்பதுதான் இப்போது முழுநேர வேலை.

முதல் வரி: "குமுதவல்லி வீட்டில் ஆட்டுக்குட்டி அளவு எலிகள்..."

(அடித்துவிட்டேன். பூனைக்குட்டி அளவுதான். எலி மொய்க்கும் செம்பனைக்கு நடுவே குடியிருந்து பாருங்கள், நீங்களும் அளந்து பேசமாட்டீர்கள்.)

சரி, இப்படி: மகன் ஹேமநாதனுக்குக் கல்யாணம் முடிந்த வாரம், குமுதவல்லி பசார் மாலாம் இரவுச் சந்தையில் எலி விரட்டும் சாமான் ஒன்று வாங்கினாள். பிளக்கில் செருகினால் மனிதருக்குக் கேட்காத கூச்சல் போடுமாம். மருமகள் ரதியின் பட்டுச் சேலைகளை எலி கடித்துவிடக் கூடாதே! முன்னறையில் காலியாக இருந்த ஒரே பிளக் சாமி மேடைக்குப் பக்கத்தில். செருகியதும் சின்ன நீல விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பொட்டு வைத்த கை, பழக்கத்தில் அதற்கும் ஒன்று வைத்தது. பொட்டு வைத்த பொருளை அந்த வீட்டில் யாரும் பிடுங்கமாட்டார்கள்.

2. (கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டலாம்.)

மனிதக் காது, நல்ல வயதில், நொடிக்குச் சுமார் இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கும். நாய்க்கு அதில் இரண்டு மடங்கு. எலிக்கு அதற்கும் மேலே. பூனைக்கு... (இந்தக் கதையில் பூனை இல்லை, விடுங்கள்.) என் காதுக்கு டுரியான் பழம் விழுந்தால் மட்டும் மூன்று மைல் தள்ளியும் கேட்கும்.

ஆக, எலிக்கென்று வாங்கிய கூச்சல் நாய்க்கும் கேட்கும். மர்மம் அவ்வளவுதான். (அப்போது எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கதை ஏது?)

3.

அந்த வீட்டு நாயின் பெயர் மண்டோர். தோட்டத்துக் கங்காணியைப் போல எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். வருஷக்கணக்காக முன்னறையில் படுத்த நாய், ரதி வந்த வாரத்திலிருந்து வாசற்படி ஏறவில்லை. கோழிக்கால் காட்டினாலும் தலையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

லயம் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுப் பாஞ்சாலை ஆரம்பித்தாள்.

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியும் லா, குமுதம். புது ஆளு கால் வச்ச நேரம்..."

"சும்மா இரு பாஞ்சாலை. வெயிலுக்கு வெளிய படுக்குது."

"மழையிலயும் படுக்குதே!"

குமுதவல்லி மருமகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் (இந்த 'ஆனால்' எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எனக்கு இருவரையும் பிடிக்கும்) ஒருநாள் சாமியிடம் முணுமுணுத்தாள்: "ஒரு கொறையும் இல்லாத பொண்ணும்மா. இந்த நாய் ஏன் இப்படிப் பண்ணுது?"

சமையலறையில் ரதிக்குக் கேட்டுவிட்டது. அதைக் கேட்க நாய்க்காது வேண்டியதில்லை.

சாயங்காலம் அவள் படியில் உட்கார்ந்தாள். "நான் பாரோய்க்கு அம்மா வீட்டுக்கே போயிடட்டுமா மண்டோர்? அப்ப உள்ள போவியா?"

மண்டோர் அவள் மடியில் தாடையை வைத்தது. ரதி யோசித்தாள். என்னைப் பிடிக்காத நாய் ஏன் என் மடியில் படுக்கிறது?

4.

மறுநாள் கரண்டு போனது. மண்டோர் எழுந்தது, சோம்பல் முறித்தது, உள்ளே போய்ச் சாமி மேடைக்கு முன்னால் படுத்தது. கரண்டு வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. முன்னறையில் அந்த நேரம் கண் விழித்தது ஒரே ஒரு நீல விளக்கு.

"அத்தை, இது எப்ப வாங்கினது?"

"நீ வந்த வாரம்டி. உன் பட்டுச் சேலைக்குத்தான்." குமுதவல்லி பெருமையாகச் சிரித்தாள்.

ரதி சாமி மேடைப் பக்கம் நகர்ந்தாள். தன் பேரைக் கெடுத்தது அத்தையின் அன்பு. அதை எப்படி அந்த முகத்திடம் சொல்வது?

5.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டு அழுகிற அழுகை (நான் எழுதினால்) பக்கத்து ஊர் தெமியாங் வரை கேட்கிறது. பாஞ்சாலை வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

முடிவு ஆ: சத்தமில்லாமல் சுவிட்சை அணைக்கிறாள். மண்டோர் உள்ளே வருகிறது. சாமி செவிசாய்த்துவிட்டது என்று குமுதவல்லி கற்பூரம் கொளுத்துகிறாள். ரதி உண்மையைத் தனக்குள்ளேயே...

(இரண்டும் எனக்கு இனிக்கிறது. அதனால் இரண்டையும் நம்பவில்லை.)

ரதியின் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. முகம் அத்தை பக்கம் திரும்பியிருக்கிறது. இங்கே பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். அவள் சொல்லட்டும், சொல்லாமலிருக்கட்டும், உங்கள் இஷ்டம். பாரோய்க்கு மட்டும் அவளை அனுப்பிவிடாதீர்கள். அப்படி ஏதாவது எழுதினீர்களோ, வேலியைத் தாண்டி வந்து காகிதத்தைக் கிழித்துவிடுவேன்.