இரண்டாவது மெழுகுவர்த்தி

"கடலுக்குப் போயி வராதவங்களுக்கு இங்க மெழுகுவத்தி ஏத்துறாங்க. ஆகாசத்துல போயி வராதவங்களுக்கு எங்க ஏத்துவாங்க மாமா?"

ஆறு வயதில் ஜூடி இதைக் கேட்டபோது கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பென்னி தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்துவிட்டார். இன்று ஜூடி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறாள். கேட்டது அவளுக்கு மறந்திருக்கும். அவருக்கு மறக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் ராயபுரத்தில் குடும்பம் குடும்பமாகப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்புவார்கள். அவரவர் கல்லறையில் அவரவர் வெளிச்சம். உடல் கரை சேராத மீனவர்களுக்கு மட்டும் தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடி. பென்னி அப்பா அம்மா கல்லறையோடு திரும்பிவிடுவார். சிலுவைப் பக்கம் போனதே கிடையாது.

அண்ணன் சிலுவைமுத்து விமானப்படையில் இருந்தவர். விடுப்பில் வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரிப்பார். "மேலேருந்து பாத்தா நம்ம ஹார்பர் ஒரு நண்டுடா. கொடுக்க விரிச்சிகினு குந்திகினு கீது" என்று தம்பியிடம் சொல்லுவார். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் அவர் போன விமானம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்ததாகவே கொள்ளலாம் என்றது அரசாங்கம். அம்மா கொள்ளவில்லை. அந்தி ஜெபமாலை முடிந்ததும் வழியில் இருப்பவர்கள் பத்திரமாக வீடு சேர வேண்டிக்கொள்ளும் இடத்தில்தான் மூத்தவன் பெயரைச் சொல்லுவார். இறந்தோருக்கான வேண்டுதலில் அது வரக்கூடாது. அவனுக்கென்று யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவும் கூடாது. அம்மா போன பிறகும் பென்னி அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

இந்த வருஷம் சிலுவையடியில் ஒரு கல் பதிக்கிறார்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்களை அதில் செதுக்கப் போகிறார்கள். பெயர் சேர்க்கும் பொறுப்பு ஜூடிக்கு. பெரிய மாமா பெயரையும் சேர்க்கலாமா, திருநாளன்று சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். சரி என்றால் அண்ணனைத் தன் வாயாலேயே சாகடித்ததாகும். வேண்டாம் என்றால், பிள்ளையில்லாத தனக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல நாதியில்லை. இரண்டு வாரம் தூங்காமல் யோசித்து, அம்மா பக்கமே நிற்பது என்று முடிவு செய்தார்.

ஜூடியிடம் அதைச் சொல்லத்தான் முதல்முறையாகச் சிலுவையடிக்கு வந்தார். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. வியாகுலம்மாள் மட்டும் முந்தானையால் காற்றை மறைத்து இரண்டு மெழுகுவர்த்திகளை நட்டுக்கொண்டிருந்தார். காசிமேட்டில் மீன் விற்றவர். அவர் புருஷன் எஸ்தாக்கி புயலில் படகோடு போனவர் என்பது பென்னிக்குத் தெரியும். இன்னொன்று யாருக்கு என்று பேச்சுக்குக் கேட்டார்.

"உங்கண்ணனுக்குதான்."

பென்னிக்குச் சுருக்கென்றது. யாரைக் கேட்டு ஏற்றுகிறீர்கள் என்றார்.

"உங்கம்மாவக் கேட்டுதான். மார்க்கெட்டாண்ட வந்து என் கையப் புட்ச்சிகினு சொல்லிச்சி. எம் புள்ள உசுரோடதான் கீறான், நான் ஏத்த மாட்டேன். ஒருவேள இருட்டுல கீறான்னா வெளிச்சமில்லாம நிக்கக்கூடாது வியாகுலம், நீ ஏத்து, எங் கண்ல காட்டாதன்னுச்சி."

கிழவி நிதானமாக மீதியையும் சொன்னார். எஸ்தாக்கி போனபோது மூன்றாம் மாதமே தாலியைக் கழற்றச் சொன்னார்களாம். அவர் வருவார் என்று நம்ப அந்த வீட்டில் ஒருவருக்கும் தெம்பில்லை. பென்னியின் அம்மாதான் அந்தப் பெயரைத் தன் வீட்டு ஜெபத்துக்கு எடுத்துக்கொண்டார், வழியில் இருப்பவர்களோடு சேர்த்து. அண்ணன் பெயரைச் சொன்ன பிறகும் அம்மாவின் உதடு அசையும். ஆமென் சொல்கிறார் என்றுதான் பென்னி இத்தனை காலம் நினைத்திருந்தார். ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் அடைகாக்க ஆண்டவர் இடம் வைத்திருக்கிறார்.

"இன்னும் உங்க வூட்ல அவரு பேரச் சொல்லிகினுதான கீறீங்க?" என்றார் வியாகுலம்மாள்.

பென்னிக்கு வாய் எழவில்லை. அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு கிழவி சிரித்தார்.

"கல்லுல உங்கண்ணன் பேரும் இருக்கட்டும் தம்பி. வந்தாருன்னா படிச்சிட்டுச் சிரிக்கட்டுமே. எங்காளு வந்தா மொதல்ல பேரு செதுக்குன அந்த மேஸ்திரியத்தான் அடிப்பாரு."

ஜூடி வந்ததும் பென்னி அண்ணன் பெயரை முழுதாக, தெளிவாகச் சொன்னார்.

அன்று அந்தியில் வீட்டில் யாரும் இல்லை. மனைவி திருவொற்றியூருக்கு, அவள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். பென்னி முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லி முடித்தார். வழியில் இருப்பவர்கள் என்ற இடம் வந்ததும் சிலுவைமுத்து என்றார். அடுத்து, உதட்டுக்குள் அல்ல, வாய்விட்டு, எஸ்தாக்கி என்றார். எழுந்திருக்க மனம் வரவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த ஜெபமாலை முழுவதும் எஸ்தாக்கிக்கு. துறைமுகத்துக் காற்று வாசல் திரையை உள்ளே தள்ளியது. அறை மெல்ல இருட்டிக்கொண்டு வர, மணிகள் ஒவ்வொன்றாக அவர் விரலைக் கடந்துகொண்டிருந்தன.