அத்தான் பேரில் ஒரு கனிமம்

அக்காவின் கனிமம் தேறிவிட்டது என்று காலையிலேயே தகவல் வந்தது. புதுக் கனிமம் கண்டுபிடித்தேன் என்று யாரும் தன்னிஷ்டத்துக்கு அறிவித்துவிட முடியாதாம். பல நாட்டு நிபுணர்கள் குழுவாக ஓட்டுப் போட வேண்டும். நாங்கள் வழிவழியாக வெள்ளியும் பித்தளையும் வாங்கி விற்கிற குடும்பம். ஒரு சரக்கை இத்தனை பேர் பேரம் பேசாமல் நல்லது என்று ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரக்கு உப்புக்கல்லில் பாதிகூட இராது. வெள்ளி, வெள்ளீயம், பாதரசம், கொஞ்சம் பலேடியம். இந்த நாலும் இந்த அளவில், இந்த அடுக்கில் இயற்கையில் வேறெங்கும் அகப்பட்டதில்லை என்று அக்கா இரண்டு வருஷம் மல்லுக்கட்டி நிரூபித்திருந்தாள். விவரிப்பவர் தன் பெயரையே சூட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதனால் ஓடை மணலை அலசி அந்தத் துகளைக் கொண்டுவந்தவரின் பெயரைக் கொடுத்தாள். கொண்டுவந்தவர் அவள் புருஷன்தான். அத்தான் நிலவியல் படித்தவர். ஆயுள் முழுக்க மலையும் ஓடையுமாக அலைந்தும், அவர் காட்டிய இடத்தில் ஒரு சுரங்கம்கூடத் தோண்டப்படவில்லை. அவருக்கென்று உலகத்தில் மிஞ்சப்போவது இந்தப் பெயர் ஒன்றுதான். விடிந்ததிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அந்த நாலு உலோகத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

நான் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தபோது அவர் பல் டாக்டரிடம் போயிருந்தார். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய்த் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தார்.

"இந்தா மாப்ளே, உன் கடைக்குச் சரக்கு. என் பல்லுல அடைச்சிருந்தது, ஒடைஞ்சிருச்சுன்னு நோண்டி எடுத்துட்டார். என்ன வெல தருவ?"

"இதுக்கா? கறுத்துப்போய்க் கெடக்கு. தூக்கிப் போட நீங்கதான் கூலி தரணும் அத்தான்."

"லேசா நெனைக்காத. அந்த டாக்டரே அன்னிக்கு அடைச்சதுதான். இந்த மாதிரி இப்பல்லாம் யாரும் அடைக்கிறதில்லையாம். வெள்ளி, வெள்ளீயம், பாதரசம், ஒசத்தி சரக்குன்னு கொஞ்சம் பலேடியம் வேற..."

மரத்த வாயில் பலேடியம் பாதிதான் வெளியே வந்தது. நான் சிரித்தேன். அவரும் கோணலாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. டீக் கோப்பையை மேஜைமேல் வைப்பதாக நினைத்து வெளியே வைத்தாள். அது விழுந்து உடைந்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாதிதான் இருக்கு," என்றாள். "மீதி எங்க?"

"யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்திருக்கும். கல்லு கில்லு கடிப்பீங்களான்னு டாக்டர்கூடக் கேட்டார். ஆமான்னேன்."

ஓடைக்கரையில் மினுமினுக்கிற துகள் கிடைத்தால் அத்தான் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். தங்கம் பல்லுக்கு இணங்கும்; போலி நொறுங்கும். அது ஓடை மணல் அலசுகிற கூட்டத்துக்கே உள்ள பழக்கம்.

"கடிச்சுட்டு?"

"துப்புவேன்."

"எங்க துப்புவீங்க?"

"சாம்பிள் பைக்குள்ளதான். ஒரு துகள்கூட வீணாகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அக்காவின் ஆய்வுக்கூடத்தில் மோதிரம், சங்கிலி, வளையல் எதற்கும் அனுமதி கிடையாது. அதிலிருந்து உதிர்கிற பொடி சாம்பிளோடு கலந்துவிடுமாம். ஒரு தடவை என்னையே, "வியாபாரி விரலோட உள்ள வராதே," என்று வாசலோடு விரட்டியவள். எல்லார் கையையும் கழுவவைத்தவளுக்கு ஒரு வாய் மட்டும் தோன்றாமல் போயிற்று.

மத்தியானமே மூவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். பொட்டலத்திலிருந்த துணுக்கைக் கருவிக்குள் வைத்தாள். திரையில் பழைய துகளின் கோடு நீலத்தில் இருந்தது. புதிய கோடு சிவப்பில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி, நீலத்தை அப்படியே மூடிக்கொண்டு போயிற்று. எனக்கு அந்தப் படிப்பு தெரியாது. ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு சரக்கைப் பார்த்தால் தெரியும்.

"கனிமப் பட்டியல் அத்தனையும் தேடினேன்," என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வதுபோல. "பல் வைத்தியப் புத்தகத்துல தேடல."

அத்தான் நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார்.

"அக்கா, நாம பாட்டுக்கு இருந்துட்டா என்ன?" என்றேன். "ஓட்டு விழுந்தாச்சு. அத்தான் வாய்க்குள்ள எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனேடா."

அதற்கு மேல் அவளிடம் பேரம் படியாது. குழுவுக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தாள்.

"அந்தப் பேரு என்ன ஆகும்?" என்றார் அத்தான்.

"பட்டியல்ல இருக்கும். செல்லாதுன்னு போட்டு."

"நாளைக்கு நெசமாவே ஒண்ணு கெடைச்சா, அதுக்கு வெக்கலாமா?"

"அம்பது வருஷத்துக்குக் கூடாது."

"அப்ப நான் இருக்க மாட்டேன்."

"செத்தவங்க பேரையும் வெக்கலாம்ல?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இருவரும் பார்த்த பார்வையில் நாற்காலியோடு சுருங்கிப்போனேன்.

"கலப்படம்னு மட்டும் எழுதேன்," என்றார் அத்தான் மெதுவாக. "யாரு பல்லுன்னு எதுக்கு?"

"எங்கேர்ந்து வந்துதுன்னு சொல்லலன்னா ஓடையச் சந்தேகப்படுவாங்க. ஓடை என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அடித்துக்கொண்டே போனாள். நாலைந்து வரி ஓடியிருக்கும். கை சட்டென்று நின்றது. அவள் கண் சுவரோரத்து அலமாரிக்குப் போயிற்று. மேல்தட்டு முதல் தரைவரை அத்தான் கொண்டுவந்த பைகள். அவளுடைய கட்டுரைகள் எல்லாம் அந்தப் பைகளிலிருந்து பிறந்தவை.

"இந்த அடைப்பு எப்ப வெச்சதுங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியே."

"இது ஒண்ணுதானா?"

அத்தான் வாயை இறுக மூடிக்கொண்டார். அக்கா எழுந்துபோய் மேஜை விளக்கை அவர் பக்கம் திருப்பினாள். கல் பார்க்கிற லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாயத் தொறங்க."

திறந்தார். அக்கா குனிந்தவள், வெகுநேரம் நிமிரவே இல்லை.