பதினேழாம் நம்பர் கல்

என் தலையில் கல்லைப் போட்டவர் சித்தப்பா. பேச்சுக்காகச் சொல்லவில்லை, அது நிஜமாகவே ஒரு கல்.

நிலவியலில் முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் சுத்தியலும் கையுமாக வெயிலில் அலைந்து, ஒருவழியாக ஆய்வேட்டை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் சித்தப்பா வீட்டில்தான் வாசம். லாரி ஓட்டும் அவர் எதையும் படிக்க மாட்டார், படம் மட்டும் பார்ப்பார். கல்யாண ஆல்பம் போல விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே வந்தவர், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"இது நம்ம கல்லு ஆச்சே!"

"எது சித்தப்பா?"

"இதும்மா. மேட்டு ரோட்டுத் திருப்பத்துல நம்ம லாரியிலருந்து உருண்டு விழுந்துச்சே, அதான். குவாரியிலருந்து ஏத்திட்டு வந்தேன். பின்கதவு கொக்கி புட்டுக்கிச்சு."

குவாரி அங்கிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர். பழைய எரிமலைக் குழம்பு அந்தக் குவாரியோடு நின்றுவிட்டது என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இல்லை, மேட்டு ரோடு வரை வந்தது என்று எழுதியவள் நான். அதற்கு இருந்த ஒரே சாட்சி, எருமை அளவில், பாதி புதைந்து கிடந்த இந்தப் பதினேழாம் நம்பர் கல். படத்தில் அதன் மேல் என் பேராசிரியர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

கல்லை எரிமலை கொண்டுவரவில்லை. சித்தப்பா கொண்டுவந்திருக்கிறார்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சித்தி கேட்டாள். "ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேந்தீங்களே, அன்னைக்கா?"

"அதேதான். மழைச் சேறு. கல்லு உருண்டு வருது, நான் ஒதுங்கிட்டேன், செருப்பு ஒதுங்கல."

இந்த ஒற்றைச் செருப்புக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். என்ன கல் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? படிப்பது மட்டும் கல்லைப் பற்றி.

எங்கள் துறையில் முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. எந்தக் கல்லைப் பார்த்தாலும், இது இங்கேயே பிறந்ததா, எங்கிருந்தாவது வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பதினாறு கற்களிடம் ஒழுங்காகக் கேட்டேன். பதினேழாவதைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். பேராசிரியரும் அதை நாக்கால் தொட்டுப் பார்த்து "அசல்!" என்றார். எந்தக் கல்லையும் நக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார், எந்த மாணவரையும் கிண்டல் செய்துதான் பேசுவார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நக்கல்'.

"மூணு பேருக்குத்தான் தெரியும். கம்முனு குடுத்துடு" என்றாள் சித்தி.

அப்படியே செய்துவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல வேண்டாம்.

ஆனால் மறுநாள் காலை கடப்பாரையோடு சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு மேட்டு ரோட்டுக்குப் போனேன். அவருக்கு ஞாபகப் பிசகாக இருக்கலாமே! கல் அப்படியே கீழே பாறையாகத் தொடர்ந்தால் பிழைத்தேன், மண் வந்தால் செத்தேன். ஓரமாகத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மண் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து நீலமாக ஒரு குதிகால் எட்டிப் பார்த்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். எனக்குச் செருப்பு கிளம்பியது.

"கெடைச்சிடுச்சும்மா!" என்று இழுத்து எடுத்தார் சித்தப்பா. மண்ணைத் தட்டி இடது காலில் மாட்டிக்கூடப் பார்த்தார். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அவர் மெல்லச் செருப்பைக் கழற்றினார். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?"

"ஆமா சித்தப்பா" என்றேன். அந்த நிமிடம் அவர் மேல் அவ்வளவு கோபம்.

செருப்பைக் கல் சேகரிக்கும் பையில் போட்டு, '17-அ' என்று சீட்டு ஒட்டிப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். அவர் பையைப் பிரித்து, பழக்க தோஷத்தில் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சார், அது செருப்பு!"

முழுக் கதையையும் கேட்டார். ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"படத்துல அது மேல உக்காந்திருக்கறது நான்தானே?"

"ஆமா சார்."

"அப்போ தப்புல பாதி எனக்கு. வேலை மட்டும் முழுசா உனக்கு. ரெண்டு அத்தியாயத்தையும் தூக்கிப் போடு. மீதி பதினாறு கல்லுக்கு அடியிலயும் தோண்டிப் பாத்துட்டு வா."

ஒரு வருடம் போனது. ஞாயிறு தவறாமல் சித்தப்பா கடப்பாரையோடு வந்தார். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. எட்டாவது குழியின்போது, அவர் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தபோது, என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் சிடுமூஞ்சி. ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கல்லெல்லாம் அங்கேயே பொறந்ததுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

பேராசிரியர் இருமினார். நான் பதினாறு குழிகளின் படங்களையும் வரிசையாகக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் கல் கீழே பாறையாக இறங்கியது. அளவு தெரிய ஓரத்தில் சுத்தியல் வைப்பது வழக்கம். என் படங்களில் சுத்தியல் இருந்த இடத்தில் சித்தப்பா விறைப்பாக நின்றிருந்தார்.

"முதல் வருஷ அறிக்கையில பதினேழு இருந்துச்சே?"

பையை எடுத்து அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட வயசு?"

"ஆறு வருஷம் சார்."

"ஏழு" என்றாள் கடைசி வரிசையிலிருந்து சித்தி. "நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

சிடுமூஞ்சி முதல் முறையாகச் சிரித்தார். பிறகு தன் தாளில் ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன திருத்தம் அது ஒன்றுதான்.